ஊராட்சி எத்தனை தலை தாங்கும்? தண்ணிக் கணக்கு போடறது எப்படீங்க?

மேட்டாங்காடு (கேள்வி)

மார்ச் 22 கிராம சபைக்கு எங்க ஊராட்சியோட தண்ணி வரவு செலவை ஒரே பக்கத்துல எழுதி வைக்கோணும்னு முடிவாயிருக்குது. ஊர் காங்கயத்துக்கும் பல்லடத்துக்கும் நடுவுல. பரப்பு சுமார் 1,500 ஹெக்டேர். மழை வருசத்துக்கு 600 மி.மீ. குடியிருக்கறவங்க 5,000 பேர். தென்னை 300 ஏக்கர். கிணத்துப் பாசனத்துல மக்காச்சோளம், காய்கறி, மஞ்சள் எல்லாம் சேர்த்து 200 ஏக்கர். மாடு 2,000, ஆடு 3,000. மீதியெல்லாம் மானாவாரியும், கொரங்காடுங்கற மேய்ச்சல் நிலமும்.

கூட்டத்துல ஒவ்வொரு தடவையும் கெளம்பற பேச்சு ஒண்ணுதான். "உலகத்துல 800 கோடி ஆயிப்போச்சு, ஊருக்குள்ளயும் வெளியூர்க்காரங்க வந்து குமிஞ்சுட்டாங்க, அப்புறம் போர்ல தண்ணி எப்படி நிக்கும்?" இது நெசமா இல்லையான்னு எண்ணை வச்சுத்தான் பேசோணும்.

தாங்கற கணக்கு கொரங்காட்டுக்காரங்களுக்குப் புதுசில்லீங்க. கிளுவை வேலி கட்டிப் பிரிச்ச காட்டுல கொழுக்கட்டைப்புல் எவ்வளவு நிக்குதுன்னு பார்ப்பாங்க, எத்தனை உருப்படி எத்தனை நாளைக்கு மேயலாம்னு முடிவு பண்ணுவாங்க, பட்டியை அடுத்த காட்டுக்கு மாத்துவாங்க. அதே கணக்கை மனுசனுக்கும் தண்ணிக்கும் போட முடியுமா? எந்த எண்ணை எங்கிருந்து எடுக்கறது, எங்க தப்பு விழும்?

கிணத்துமேடு

போடலாமுங்க. வரவை ரெண்டு வழியில போடுங்க, செலவையும் ரெண்டு வழியில போடுங்க, அப்புறம் ஒத்துப் பாருங்க. ஒரே வழியில போட்ட கணக்கைச் சபையில யாராச்சும் ஒருத்தர் ஒரே கேள்வியில சாய்ச்சுருவாங்க.

வரவு, முதல் வழி. ஒரு ஹெக்டேர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பேஞ்சா 10,000 லிட்டர். 1,500 ஹெக்டேர்ல 600 மில்லிமீட்டர்னா 900 கோடி லிட்டர். இந்த எண்ணைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். நம்ம பக்கம் அடியில கெடக்கறது நைஸ், சார்னோகைட்டுன்னு ரெண்டு வகைக் கெட்டிப் பாறை. மேல கொஞ்சம் சிதைஞ்ச பாறை, அதுக்குக் கீழ விரிசல், அதுக்கும் கீழ கெட்டிக் கல்லு. அரசாங்கத்து நிலத்தடி நீர் மதிப்பீட்டுல சிதைஞ்ச நைஸுக்கு மழையில 11 சதவீதம் எறங்கும்னு வச்சுக்கறாங்க, களி கலந்திருந்தா 8. நீங்க 10 எடுத்துக்குங்க, 90 கோடி. தானா ஓடையில கசிஞ்சு போறதுக்கு அதுல பத்துல ஒண்ணு கழிச்சா 81 கோடி லிட்டர். ஊரோட வருசத்து வரும்படி அவ்வளவுதான்.

ரெண்டாவது வழி கிணறு. மே மாசக் கடைசியில ஒரு அளவு, வடகிழக்கு மழை முடிஞ்சு ஜனவரியில ஒரு அளவு. பத்துத் தொறந்த கிணறாவது வேணும், ஊரு முழுக்கப் பரவியிருக்கோணும். ஆயிரம் அடி போர்ல அளந்து பிரயோசனம் இல்லை. அதுல தெரியற மட்டம் விரிசலோட அழுத்தம்தான், மேல்பாறையில நிக்கற தண்ணி அல்ல. சுவத்து மேல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு, எப்பவும் அந்தக் கோட்டுல இருந்தே டேப்பை எறக்கோணும். மோட்டார் நிறுத்தி 12 மணி நேரமாவது ஆகியிருக்கோணும். பத்துக் கிணத்துலயும் சராசரியா 4 மீட்டர் ஏறியிருக்குதுன்னு வைங்க. 4 மீட்டர் × 1.5 கோடி சதுர மீட்டர் × 1.5 சதவீதம். கடைசி எண், அந்தப் பாறை தன்னோட கன அளவுல எத்தனை சதவீதம் தண்ணியை விட்டுக் குடுக்கும்கறது. விடை 9 லட்சம் கன மீட்டர், அதாவது 90 கோடி லிட்டர். முதல் வழியோட ஒத்து வருதுங்களா? வராட்டி மழை மாசத்துல மோட்டார் ஓடினதைக் கூட்ட மறந்திருப்பீங்க. கிணறு ஏறிட்டே இருக்கறப்பவே எறச்ச தண்ணியும் வரவுதான்.

செலவு. ஊர்க்குடிநீர் அளவு ஒரு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். 5,000 பேருக்கு வருசத்துக்கு 10 கோடி லிட்டர். மாட்டுக்கு 60, ஆட்டுக்கு 6 லிட்டர்னு போட்டா கால்நடைக்கு 5 கோடி. தென்னைக்கு சொட்டுநீர்ல கோடையில 65 லிட்டர், மழை மாசத்துல 45, சராசரி 55. ஏக்கருக்கு 70 மரம், 300 ஏக்கர்ல 21,000 மரம், 42 கோடி லிட்டர். மத்தப் பயிர் 200 ஏக்கருக்கு வருசத்துல 500 மி.மீ. பாசனம்னு வச்சா 40 கோடி. ஆக மொத்தம் 97 கோடி.

வரவு 81, செலவு 97. நூறு ரூவா சம்பாரிச்சு நூத்தியிருவது செலவு பண்ற ஊடு. வரவுல 70 சதவீதம் வரைக்கும் எடுத்தா பாதுகாப்பான பகுதி, 90 தாண்டினா அபாயம், 100 தாண்டினா அளவுக்கு மீறி எடுத்த பகுதின்னு அரசாங்கமே பிரிச்சு வச்சிருக்குது. உங்க ஊரு கடைசி வகையில விழுது.

இப்ப அந்த 800 கோடிப் பேச்சுக்கு வருவோம். ஒரு தென்னைக்கு 55 லிட்டர், ஒரு ஆளுக்கும் 55 லிட்டர். அப்படின்னா உங்க ஊருல குடிக்கற தலை 5,000 அல்ல, 26,000. ஆளுங்க மொத்தப் பேரையும் கணக்குல இருந்து எடுத்துட்டாக் கூட செலவு 87 கோடி, வரவைத் தாண்டித்தான் நிக்குது. ஆளு ரெண்டு மடங்கானா 107. தென்னைப் பரப்பு பாதியாச்சுன்னா 76, வரவுக்குள்ள வந்துருது.

செலவுக்கு ரெண்டாவது வழி மோட்டார். 200 லிட்டர் டிரம்மை வாய்க்கால்ல வச்சு, நிரம்ப எத்தனை வினாடின்னு பாருங்க. 180 வினாடின்னா மணிக்கு 4,000 லிட்டர். ஊருல 400 மோட்டார், நாளைக்கு 4 மணி நேரம், வருசத்துக்கு 150 நாள்னா 96 கோடி வரும். பயிர்க்கணக்கு 82 தான் சொல்லுச்சு. அந்த 14 கோடி எங்க போகுதுன்னு தேடினா, பாதித் தோப்புல சொட்டுநீர்க் குழாய் சுருட்டித் தொங்க விட்டுட்டு வாய்க்கால் பாய்ச்சல் ஓடறது தெரிய வரும்.

ரெண்டு எச்சரிக்கை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல பவானித் தண்ணியோ காவிரித் தண்ணியோ வந்தா, அதை உங்க ஊரு நிலத்தடிச் செலவுல சேர்க்காதீங்க. அது வேற ஊரு வரவு. பாய்ச்சின தண்ணி திரும்பக் கீழ எறங்குமேன்னு சொல்றவங்களுக்கு, நீர்மட்டம் 25 மீட்டருக்குக் கீழ போயிருந்தா 5 சதவீதத்துக்கு மேல ஒத்துக்காதீங்க.

சென்னிமலை மேற்கு

கணக்கு சரி. ஆனா அந்த 5,000 எங்கிருந்து வந்துச்சுங்க? 2011 மக்கள்தொகைக் கணக்குன்னா அதுக்கு வயசாயிருச்சு. ரேசன் கார்டுன்னா, விசைத்தறியிலயும் கோழிப்பண்ணையிலயும் பனியன் கம்பெனியிலயும் வேலை செய்யற வெளிமாநிலத்து ஆளுங்க பெரும்பாலும் அதுல இருக்க மாட்டாங்க.

தலையை எண்ண நேர் வழி மேல்நிலைத் தொட்டி. உள்விட்டம் 5 மீட்டர் தொட்டியில தண்ணி ஒரு சென்டிமீட்டர் எறங்கினா 196 லிட்டர். ராத்திரி 2 மணியில இருந்து 4 மணி வரைக்கும் வால்வைத் தொறந்து விட்டு எத்தனை சென்டிமீட்டர் எறங்குதுன்னு பாருங்க. அந்நேரத்துக்கு யாரும் கொடம் பிடிக்க மாட்டாங்க, எறங்கறது பெரும்பாலும் ஒழுக்குதான். 10 சென்டிமீட்டர்னா ரெண்டு மணி நேரத்துல 1,960 லிட்டர். ஒரு நாளைக்குத் தொட்டியில இருந்து போற மொத்தத் தண்ணியில, குழாயில எத்தனை மணி நேரம் தண்ணி விடறாங்களோ அத்தனைக்கும் அந்த ஒழுக்கைக் கழிச்சுட்டு, மீதியை 55-ஆல வகுத்தா ஊருல நெசமா எத்தனை பேர்னு சுமாராத் தெரியும். ஊட்டுத் தரைத்தொட்டி தானா ரொம்பற மாதிரி வச்சிருந்தா இது பலிக்காது, அந்தத் தெருவோட வால்வை மட்டும் அடைச்சுட்டு அளங்க. லைன் வீடுகளையும் கம்பெனி விடுதிகளையும் நேர்ல போய்த் தனியா எண்ணி ஒத்துப் பார்த்துக்குங்க.

அடுத்து அந்த 800 கோடி. 1927-ல உலகத்துல 200 கோடிப் பேர். 1974-ல 400. ஐ.நா. கணக்குப்படி 2022 நவம்பர் 15-ல 800. நாற்பத்தெட்டே வருசத்துல ரெண்டு மடங்கு. ஆனா கூடற வேகம் 1960-கள்ல வருசத்துக்கு 2 சதவீதத்தைத் தொட்டுட்டு, இப்ப ஒண்ணுக்கும் கீழ வந்துருச்சு. 2024-ல ஐ.நா. வெளியிட்ட மதிப்பீடு, 2080-களோட நடுவுல 1,030 கோடியை ஒட்டி உச்சம் தொட்டு அப்புறம் எறங்கும்கறது. பொறப்பு கொறஞ்ச பொறகும் எண்ணிக்கை ஏன் ஏறுதுன்னு சபையில கேட்பாங்க. முந்தின தலைமுறையில நெறையாப் பொறந்தவங்க இப்பத்தான் பெத்துக்கற வயசுல இருக்கறாங்க. ஆளுக்கு ரெண்டுதான் பெத்தாலும், சாகற கெழவங்க எண்ணிக்கையை விடப் பொறக்கற புள்ளைக எண்ணிக்கை கொஞ்ச காலத்துக்கு அதிகமாத்தான் இருக்கும்.

நம்மூரு கதை வேற. ஒரு தலைமுறை தன்னைத் தானே நெரப்பிக்க ஒரு பொம்பளைக்கு 2.1 குழந்தை வேணும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுல தமிழ்நாடு 1.8. பொறப்பு எப்பவோ தேவைக்குக் கீழ எறங்கிருச்சு. 2001-ல இருந்து 2011 வரைக்கும் ஈரோடு மாவட்டம் 11.7 சதவீதம் கூடுச்சு, பக்கத்துலயே இருக்கற திருப்பூர் 29.1 சதவீதம். ரெண்டு ஊர்ப் பொம்பளைகளும் பெத்துக்கறதுல அத்தனை வித்தியாசம் கெடையாது. வித்தியாசம் வேலை தேடி வந்தவங்க. அவங்க பொறந்தப்பவே உலகக் கணக்குல ஏறிட்டாங்க, இங்க வந்ததால 800 கோடியில ஒண்ணு கூடல.

இதைச் சபையில அழுத்திச் சொல்லோணுமுங்க. மக்கள்தொகைன்னு பேச்செடுத்தா பழி எப்பவும் எளியவங்க மேலதான் வந்து விழுது. குடும்பக் கட்டுப்பாடுன்னா தமிழ்நாட்டுல கல்யாணமான பொம்பளைகள்ல பாதிக்கு மேல அறுவை சிகிச்சை பண்ணிக்கிட்டவங்க, ஆம்பளைகள்ல ஒரு சதவீதம் கூடத் தேறாது. சேலத்துல 1992-ல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சது, பொறந்த பொட்டப்புள்ளைகளைக் கொல்றதைத் தடுக்கத்தான். இப்ப லைன் வீட்டுல இருக்கற பீகார்க்காரப் பையன் மேல அடுத்த பழி. அவன் குளிக்கற ரெண்டு பக்கெட்டுல போர் வத்தாது.

தோப்புக்காரன்

தென்னை மேல மொத்தப் பழியையும் போட்டுட்டீங்க. தென்னை வச்சது வெளையாட்டுக்கல்லீங்க. கூலியாள் கெடைக்கல, மஞ்சளுக்கும் பருத்திக்கும் வெலை நிக்கல, தென்னைதான் கொஞ்ச ஆளுல பொழைக்கற பயிர். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசனத்துல நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வச்சுத்தான் தண்ணி விடறாங்க. முறைத்தண்ணி வராத காலத்துக்கு மரம் காயாம இருக்க போர்தான் கதி. பாதி மரத்தை வெட்டுன்னு சபையில எழுதினா அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுவாங்க.

எழுதறதா இருந்தா இதை எழுதுங்க. தண்ணி குடிக்கற வேர் மரத்தைச் சுத்தி ஆறடிக்குள்ள இருக்குது, ஆனா அடிமரத்தை ஒட்டி இல்லை. சொட்டுவானை மூணடி தள்ளி, மரத்துக்கு நாலுல இருந்து ஆறு வரைக்கும் சுத்தி வைக்கோணும். தண்டுல கொண்டு போய் ஊத்தினா அது அடிமரம் அழுகத்தான். அந்த ஆறடி வட்டத்துல தென்னை ஓலையை வெட்டி ரெண்டு மூணு அடுக்கு மூடாக்கு போடுங்க, இல்லேன்னா உரிமட்டையைக் குவிஞ்ச பக்கம் மேல பார்க்கக் கவுத்து அடுக்குங்க. வெயில் மண்ணைத் தொடாது.

சொட்டுநீர் தோத்துப் போற எடம் ஒண்ணுதான், அடைப்பு. நம்ம போர்த்தண்ணி உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. வடிகட்டியை வாரம் ஒருக்கா கழுவோணும், பக்கக்குழாய்க் கடைசி மூடியைத் தொறந்து விட்டு அழுக்கை வெளியேத்தோணும், சுண்ணாம்பு படிஞ்சா அமிலம் விடோணும். இதைச் செய்யாததாலதான் ரெண்டாம் வருசமே குழாயைச் சுருட்டி மரத்துல மாட்டிட்டு வாய்க்காலுக்குத் திரும்பறாங்க. கிணத்துமேடு சொன்ன அந்த 14 கோடி லிட்டர் இங்கதான் இருக்குது. ஒரு மரத்தைக் கூட வெட்டாம முதல்ல அதை மீட்கலாம்.

நொய்யல்கரை

தேங்காய் யாருக்குப் போகுது, முட்டை யாருக்குப் போகுது, பனியன் யாருக்குப் போகுதுன்னு கேட்டுப் பாருங்க. 800 கோடியோட பாரம் நம்ம மண்ணுல எந்த வழியா எறங்குதுன்னு அப்பத்தான் தெரியும்.

காக்கிலோப் பருத்திச் சட்டைக்கு உலக சராசரியில 2,700 லிட்டர் தண்ணின்னு கணக்கு. அதுல பெரும்பகுதி பருத்தி வெளைஞ்ச காட்டுலயே போயிருது. நம்ம பங்கு சாயம். சாயம் ஏத்தற சாஃப்ட் ஃப்ளோ மெசின்ல ஒரு கிலோத் துணிக்கு ஒரு தடவைக்கு 6 லிட்டர் தண்ணி. எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க, வெளுக்க, நடுநிலையாக்க, சாயம் ஏத்த, சோப்பு ரெண்டு தடவை, அலசல், சாஃப்ட்னர்னு எட்டுத் தடவை போனா 48 லிட்டர். பழைய வின்ச் மெசின்ல இது 150-ஐத் தாண்டும். கருஞ்சாயத்துக்கு லிட்டருக்கு 60-ல இருந்து 80 கிராம் உப்பு, அப்படின்னா கிலோத் துணிக்கு ஏறக்குறைய அரைக்கிலோ உப்பு. அந்த உப்புத்தான் நொய்யல் வழியாப் போயி ஒரத்துப்பாளையம் அணையில தேங்குச்சு. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பொறகு, கழிவே வெளியேறக் கூடாதுங்கற முறை கண்டிப்பா நடைமுறைக்கு வந்துச்சு. எதிர்ச் சவ்வூடு பரவல்ல (ஆர்.ஓ.) தண்ணியில பெரும்பகுதி திரும்பக் கெடைக்குது, மீதி உப்புநீரை ஆவியாக்கறாங்க. நல்ல காரியம்தான். ஆனா ஆவியாக்க கொதிகலனுக்கு வெறகு வேணும், கடைசியில மிஞ்சற கலப்பு உப்பை மூட்டை கட்டிக் கொட்டகையில அடுக்கி வைக்கோணும். ஆத்துல இருந்த பாரம் காட்டுக்கும் கொட்டகைக்கும் மாறியிருக்குது.

தென்னை நார்த்தூளும் அப்படித்தான். வெளிநாட்டுப் பசுமைக்குடில்ல மண்ணுக்குப் பதிலா நிரப்பறாங்க. உப்புத்தன்மையைக் காட்டற மின்கடத்துத்திறன் 0.5 mS/cm-க்குக் கீழ வேணும்னு கேட்கறதால இங்க போர்த்தண்ணி விட்டு அலசறாங்க. அந்தச் செவத்த தண்ணி களத்துலயே எறங்கினா பக்கத்துக் கிணறு காப்பி நெறத்துக்கு மாறுது. உங்க ஊருல அந்தக் களம் இருந்தா செலவுல தனி வரி போட்டு எழுதுங்க. கோழி எருக்குமி கிணத்துக்கு மேட்டுல இருந்தா நைட்ரேட் பார்க்கோணும். லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டின கிணத்தைக் குடிநீர் வரவுல இருந்து அடிச்சுருங்க. தண்ணி இருந்தும் குடிக்க இல்லாத கணக்கு அது.

ஆனா தலை எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லைன்னு முடிச்சுராதீங்க, சென்னிமலை அய்யா. ஆளு எத்தனை, ஒரு ஆளு எவ்வளவு பொழங்கறான், அதை எந்த முறையில செய்யறோம், மூணையும் பெருக்கினாத்தான் பாரம். உலகத்துல பாதிப்பேர் சாப்பிடற சோறு செயற்கை நைட்ரஜன் உரத்துல நிக்குது. பூமியில இருக்கற பாலூட்டிகளை மொத்தமா எடை போட்டா மனுசன் 36 சதவீதம், வளர்ப்பு உருப்படிங்க 60, காட்டுல இருக்கற யானை, மான், புலி, திமிங்கலம் எல்லாம் சேர்ந்தே 4 சதவீதம்தான். 1974-ல நின்ன 400 கோடியே இன்னிக்கும் இருந்திருந்தா, இந்த சாயமும் உரமும் பாதியில முடிஞ்சிருக்கும்.

சென்னிமலை மேற்கு

அதை ஒத்துக்கறேனுங்க. ஆனா எண்ணிக்கையைக் கொறைக்கற வேலையை இந்தப் பக்கத்துப் பொம்பளைக எப்பவோ செஞ்சு முடிச்சுட்டாங்க. பள்ளிக்கூடம், பக்கத்துலயே ஆஸ்பத்திரி, கல்யாண வயசு தள்ளிப் போனது, பொறந்த குழந்தை தங்கும்கற நம்பிக்கை, அதுல நடந்தது அது. ஊராட்சிக் கையில மிச்சம் இருக்கறது மத்த ரெண்டு எண்தான்.

மேட்டாங்காடு

எல்லாருக்கும் நன்றிங்க. ஒரு கேள்வி பாக்கி. எங்க குட்டை அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துல இருக்குது. தண்ணி வந்தா இந்த 16 கோடிக் குறை தீர்ந்துருமான்னு கேட்பாங்க. என்ன சொல்றது?

கிணத்துமேடு

வகுத்துப் பாருங்க. 2024 ஆகஸ்டுல தொடங்கின திட்டம், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ உபரித் தண்ணியை எடுத்து 1,045 குளம் குட்டைக்கு விடறது. அளவு 1.5 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. 2,831 கோடி லிட்டர். குளத்துக்குச் சராசரி 4 கோடி லிட்டர் வருது. உங்களது குட்டைன்னா சராசரிக்கும் கீழதான் இருக்கும். அதுலயும் ஒரு பகுதியை வெயில் குடிக்கும். பாக்கி எறங்கறதும் குட்டை அடியில வண்டல் இல்லாட்டித்தான். ரெண்டு விரக்கடை களி படிஞ்சாலே தண்ணி மேலயே நின்னு காயும். தண்ணி வர்றதுக்கு முன்னாடி அடி வண்டலை எடுத்துருங்க, ஆனா மொரம்பு தெரிஞ்ச ஒடனே நிறுத்துங்க, அதுக்கு மேல தோண்டினா உள்ளூர் மண் வியாபாரம்தான் நடக்கும். குட்டைத் தண்ணியை நேரா வறண்ட போர்ல விடற யோசனையை யாராச்சும் கொண்டு வந்தா ஒத்துக்காதீங்க. வடிகட்டாத சேறு விரிசலை அடைச்சுரும், அழுக்கு அடிவரைக்கும் எறங்கிரும்.

ஆக 16 கோடிக் குறையில குட்டை முழுசாக் குடுத்தாலும் 4 கோடி தாண்டாது. தோப்புக்காரர் சொன்ன குழாயைச் சரி பண்ணுங்க, 97-க்கும் மேல போற அந்த 14 கோடி நிக்கும்; 200 ஏக்கர்ல மஞ்சளையும் காய்கறியையும் சொட்டுநீருக்கு மாத்துங்க, மீதி அங்கதான் கெடைக்கும்.

தாள்ல எழுதறப்போ ஒண்ணு. 97-ஐயும் 81-ஐயும் பெருசா எழுதிட்டு, பக்கத்துலயே பத்துக் கிணத்தோட மே மாச மட்டத்துக்கு ஒரு கட்டம் காலியா விடுங்க. கிணத்துக்காரங்க பேரு வேண்டாம், சர்வே நம்பர் போதும். டேப் 50 மீட்டர் நைலான் வாங்குங்க, நுனியில கால்கிலோ ஈயக்குண்டு கட்டுங்க. துணி டேப் நனைஞ்சா அளவு மாறிரும்.